ஓம் பார்க்காமல் வாட் பார்ப்பானேன்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேசையில் வைத்துப் பயன்படுத்தும் ஹெட்போன் ஆம்ப் (ஒலி சிக்னலைப் பெருக்குவது), டாக் (டிஜிட்டல் பாட்டை மின் சிக்னலாக மாற்றுவது) கருவிகளை முதன்முறையாக வாங்குவோருக்கு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஒரு வழிகாட்டிக் குறிப்பு வந்திருந்தது. எத்தனை பிட், எத்தனை கிலோஹெர்ட்ஸ், எத்தனை வாட் என்று அட்டைப்பெட்டியில் உள்ளதெல்லாம் அதில் இருந்தது. வாங்குபவரிடம் என்ன ஹெட்போன் இருக்கிறது என்ற கேள்வி மட்டும் இல்லை. தேவையே இல்லாதவர் ஆம்ப் வாங்குவதும், தேவைப்படுபவர் தனக்குப் பொருந்தாததை வாங்குவதும் இந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

ஹெட்போனின் விவரத்தாளில் தேட வேண்டியவை இரண்டு எண்கள்: ஓமில் சொல்லப்படும் இம்பீடன்ஸ் (மின்சாரத்துக்கு ஹெட்போன் காட்டும் எதிர்ப்பு), ஒரு மில்லிவாட் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலிக்கும் என்கிற சென்சிட்டிவிட்டி. பாட்டில் சட்டென்று எழும் உச்சத்துக்கு 110 டெசிபல் வரை இடம் வேண்டும் என்று வைத்துக் கணக்குப் போடலாம். ஆடியோ டெக்னிக்கா எம்50எக்ஸ் 38 ஓம், 99 டெசிபல். அதற்கு 13 மில்லிவாட்டும் 0.7 வோல்ட்டும் போதும். சென்ஹைசர் எச்டி 600-க்கு 300 ஓம், 97 டெசிபல்; 20 மில்லிவாட் போதும், ஆனால் வோல்டேஜ் 2.4 வரை ஏற வேண்டும். ஹைஃபைமேன் எச்இ400எஸ்இ கதை வேறு. 25 ஓம், 91 டெசிபல் என்பதால் 80 மில்லிவாட் கேட்கும். 1.4 வோல்ட்டில் வேலை முடிந்துவிடும், ஆனால் 56 மில்லிஆம்பியர் இழுக்கும். எச்டி 600 இழுப்பது வெறும் 8 மில்லிஆம்பியர். ஒன்றுக்கு வோல்டேஜ் பசி, மற்றதற்குக் கரண்ட் பசி. இரண்டையும் ஒரே ‘வாட்’டில் அடக்கி விளம்பரம் செய்தால் வாங்குபவருக்கு என்ன புரியும்?

பெட்டியில் உள்ள வாட் கணக்கு பெரும்பாலும் 32 ஓமுக்கானது. 32 ஓமில் ஒரு வாட் தரும் ஆம்ப் அப்போது 5.6 வோல்ட் கொடுக்கிறது. அதே வோல்ட்டில் 300 ஓமுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 105 மில்லிவாட்தான். எச்டி 600-க்கு அதுவே தாராளம். 4 வாட், 6 வாட் என்று தேடி அலைவது வீண். அதே ஒரு வாட்டை எம்50எக்ஸில் முழுசாகத் திறந்துவிட்டால் கணக்குப்படி 129 டெசிபல். காது என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பாதுகாப்பாகக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும்.

ஆம்ப் தேவையா என்பதை வீட்டிலேயே அளந்து பார்க்கலாம். சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, 33 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, வயர் பிரித்த 3.5 மி.மீ. பிளக் ஒன்று இருந்தால் போதும். பிளக்கை லேப்டாப்பின் ஹெட்போன் ஜாக்கில் சொருகி, 200 ஹெர்ட்ஸ் சைன் டோனை (ஒரே சீராக ஒலிக்கும் ஒலியை) முழு அளவில் ஓடவிட்டு, வால்யூமை 100-ல் வையுங்கள். ஹெட்போன் காதில் இருக்கக் கூடாது. கழற்றிவிட்டுத்தான் இந்த வேலை. மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பிளக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அளந்தால் வருவது சுமையில்லாத வோல்டேஜ். 1,000 ஹெர்ட்ஸ் டோன் வேண்டாம். மலிவு மீட்டர்கள் சில நூறு ஹெர்ட்ஸைத் தாண்டினால் தப்பாகக் காட்டும்.

அடுத்து ரெசிஸ்டரை அதே இரண்டு முனைகளுக்கு நடுவே சேர்த்து மறுபடி அளக்க வேண்டும். (கால் வாட் ரெசிஸ்டர் என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.) முதலில் 1.00 வோல்ட், இப்போது 0.75 வோல்ட் என்றால், 1.00-ஐ 0.75-ஆல் வகுத்து, ஒன்றைக் கழித்து, 33-ஆல் பெருக்குங்கள். 11 வரும். அந்த ஜாக்கின் அவுட்புட் இம்பீடன்ஸ், அதாவது ஜாக்குக்கு உள்ளேயே இருக்கும் எதிர்ப்பு, 11 ஓம் என்று அர்த்தம். இது ஹெட்போன் இம்பீடன்ஸில் எட்டில் ஒரு பங்குக்குள் இருப்பது நல்லது. 11 ஓம் ஜாக்கில் 300 ஓம் ஹெட்போனுக்குக் குறையில்லை. 16 ஓம் இயர்போனைச் சொருகினால் பாட்டின் நிறமே மாறும். குறிப்பாகப் பல டிரைவர்கள் (ஒலி எழுப்பும் குட்டிப் பாகங்கள்) அடைத்த, பேலன்ஸ்டு ஆர்மேச்சர் வகை இயர்போன்களின் இம்பீடன்ஸ் சுருதிக்குச் சுருதி ஏறி இறங்கும். ஓரிடத்தில் கூடும், ஓரிடத்தில் குறையும். எச்இ400எஸ்இ போன்ற பிளேனர் வகை (தட்டையான மெல்லிய படலம் அதிரும்) ஹெட்போன்களின் இம்பீடன்ஸ் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால் அவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை. டெஸ்க்டாப் கேபினட்டின் முன்பக்க ஜாக்கைப் பின்பக்க ஜாக்குடன் இதே முறையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம். முன்பக்கத்துக்கு உள்ளே ஓடும் மெல்லிய கேபிள், மதர்போர்டின் இரைச்சலையும் இழுத்துவரும். (கால் வாட் ரெசிஸ்டர் என்றால் ஒரு வோல்ட்டுக்கு மேல் கொண்டுபோக வேண்டாம்.)

அளந்ததில் ஒரு வோல்ட் வருகிறது, அவுட்புட் இம்பீடன்ஸ் இரண்டு ஓமுக்குள், மௌனத்தில் கரகரப்பு இல்லை, கையில் எம்50எக்ஸ் போன்ற ஹெட்போன். இப்படிப்பட்டவர் ஆம்ப் வாங்கவே வேண்டாம். கரகரப்பு மட்டுமே குறை என்றால் சின்ன யுஎஸ்பி டாங்கிள் (யுஎஸ்பியில் சொருகும் குட்டி டாக்) ஒன்று போதும். ஆப்பிள் டாங்கிளைப் பல ஆண்ட்ராய்டு போன்களில் போட்டால் சத்தம் குறைவாக வரும். டாங்கிளுக்குள் உள்ள வால்யூமை போன் முழுதாக ஏற்றாததே காரணம், டாங்கிளில் பழுது இல்லை.

டாக் பகுதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சிடியின் 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸே மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடைவெளியையும் 20 கிலோஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையும் தாங்கும். பழைய வானொலிக் கச்சேரிப் பதிவில் தம்புராவுக்குப் பின்னால் ஓடும் டேப் இரைச்சல் அதைவிடப் பல மடங்கு உயரத்தில் இருக்கிறது. 32 பிட், 768 கிலோஹெர்ட்ஸ், டிஎஸ்டி 512 போன்ற உயர் டிஜிட்டல் வடிவங்களுக்காக ஒரு ரூபாயும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம். விண்டோஸ் 10-இன் 2017 பதிப்பிலிருந்து யுஎஸ்பி ஆடியோ கிளாஸ் 2 என்ற பொது முறையில் இயங்கும் டாக்குகளுக்குத் தனி டிரைவர் மென்பொருள் தேவையில்லை. சவுண்ட் செட்டிங்ஸில் 24 பிட், 48000 என்று வைத்து, ‘என்ஹான்ஸ்மென்ட்’ எல்லாவற்றையும் அணைத்தால் முடிந்தது.

சென்னையில் புகார் அதிகம் எழுவது டாக்கால் அல்ல, பிளக் பாயிண்டால். பழைய வாடகைப் போர்ஷன்களில் சுவரில் மூன்று துளை இருக்கும்; மேல் துளைக்குப் பின்னால் எர்த் வயர் இருக்காது. அங்கே டெஸ்க்டாப்பைச் சொருகினால் பவர் சப்ளையின் ஃபில்டர் கெபாசிட்டர்கள் வழியாகக் கேபினட் உடம்பு மெயின்ஸில் பாதி வோல்டேஜுக்கு மிதக்கும். கரண்ட் மிகச் சொற்பம், ஆனால் ஆம்ப்பின் அலுமினிய மூடியைப் புறங்கையால் தொட்டால் சுருசுருவென்று தெரியும். ஹெட்போனிலும் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரம் ஏறலாம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் போட வைப்பதுதான் வழி. எர்த் இருந்தும் ரீங்காரம் வந்தால், ஆம்ப்புக்குப் பின்னால் மாட்டிய பவர்டு ஸ்பீக்கர் தனி பிளக் பாயிண்டில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்குக் கொண்டுவந்தால் பெரும்பாலும் அடங்கும். மவுஸை நகர்த்தும்போது கீச்சென்று கேட்டால் அது யுஎஸ்பி வழியே வருவது. பின்பக்க போர்ட்டுக்கு மாற்றிப் பாருங்கள். அப்படியும் போகவில்லை என்றால் ஆப்டிகல் கேபிள். கண்ணாடி, பிளாஸ்டிக் இழைகளில் மின்சாரம் பாயாது. எர்த் பின்னை வெட்டிவிட்டால் ரீங்காரம் போகும் என்று சொல்பவர்களை வீட்டுக்குள் விடாதீர்கள்.

அடாப்டரைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி ஆம்ப் வரவழைப்பது நம் ஊர் வழக்கம். ஓ2 என்ற ஆம்ப் முதல் ஜேடிஎஸ் லேப்ஸின் ஆட்டம் ஆம்ப் வரை, சில பிரபலமான ஆம்ப்களுக்கு ஏசியிலிருந்து ஏசி தரும் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்தான். அதன் முதுகில் ‘இன்புட் 120 வோல்ட்’ என்று இருந்தால் நம் 230 வோல்ட்டில் சூடேறிக் கருகும். கன்வெர்ட்டர் பின் மாட்டினால் வோல்டேஜ் மாறிவிடாது. பின் பொருந்துகிறது என்று டிசி அடாப்டரைச் சொருகினாலும் சரிவராது, உள்ளே இருக்கும் சர்க்யூட்டுக்கு ஏசிதான் வேண்டும். ‘100–240’ என்று போட்ட டிசி அடாப்டரோடு வரும் கருவிகளில் இந்தக் கவலை இல்லை. மின்வெட்டின்போது ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர் உர்ரென்று உறுமும், அது ஆம்ப்பின் குறையல்ல.

ஆம்ப்பில் 4.4 மி.மீ. பேலன்ஸ்டு துளையை (இடது, வலது இரண்டுக்கும் தனித்தனி நெகட்டிவ் உள்ளது) கண்டு ஆசைப்பட்டு, அதற்குள் 3.5 ஹெட்போனைச் சொருக மலிவு அடாப்டர் வாங்குகிறார்கள். இடது, வலது இரண்டின் நெகட்டிவும் அங்கே ஒன்றாகச் சேர்ந்து ஷார்ட் ஆகும், ஆம்ப் கெட்டுப்போகலாம். ஒலியை எத்தனை மடங்கு பெருக்குவது என்பதை மாற்றும் கெயின் சுவிட்ச் எப்போதும் ‘லோ’விலிருந்தே ஆரம்பிக்கட்டும். வால்யூம் குமிழை அடிமட்டத்தில் வைத்துக் கேட்கும்போது பாட்டு ஒரு காதுப் பக்கம் சாய்ந்தால் அது குமிழுக்குள் உள்ள இடது, வலது தடங்கள் இரண்டும் தொடக்கத்தில் ஒத்துப்போகாததால். லோ கெயினுக்கு மாற்றிக் குமிழை மேலே ஏற்றினால் சரியாகும்.

கடையில் இரண்டு ஆம்ப்களை ஒப்பிடுவோர், சத்தம் அதிகம் உள்ளதே நல்லதாகத் தோன்றும் என்பதை மறக்கக் கூடாது. அதே 200 ஹெர்ட்ஸ் டோனை ஓடவிட்டு, ஒன்றில் 500 மில்லிவோல்ட் என்றால் மற்றதையும் 490-க்கும் 510-க்கும் இடையில் வைத்துவிட்டு, பிறகு கேளுங்கள். ‘மலைக்கும் மடுவுக்கும்’ உள்ள வித்தியாசங்களில் பல அந்தக் குமிழ்த் திருகிலேயே காணாமல் போகும்.

இனி இப்படிப்பட்ட கருவிகளை அறிமுகப்படுத்தும்போது 32 ஓமிலும் 300 ஓமிலும் கிடைக்கும் அதிகபட்ச வோல்டேஜ், அவுட்புட் இம்பீடன்ஸ், அடாப்டரின் இன்புட் வோல்டேஜ் ஆகிய விவரங்களையும் சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். பிட் கணக்குக்கு ஒதுக்கிய இடத்திலேயே அது அடங்கிவிடும்.

இப்படிக்கு,
ஒலிக்கருவி பழுதுபார்ப்போர் இருவர்,
சிந்தாதிரிப்பேட்டை, சென்னை