கடையிலேயே தொடங்க வேண்டிய சட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநில செனட்டர் பிரையன் ஜோன்ஸ் கொண்டுவந்த எஸ்.பி. 586 சட்டம், கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பெடல் இல்லாத, கால் போட்டு உட்கார்ந்து ஓட்டும் மின்சார இருசக்கர வண்டிகளை 'இ-மோட்டோ' என்று தனியாகப் பிரித்து, ஆஃப்-ரோடு வாகனங்களின், அதாவது பொதுச் சாலையில் ஓட்டக் கூடாத வண்டிகளின் வரிசையில் சேர்த்திருக்கிறார்கள். ஹெல்மெட் கட்டாயம். மோட்டார் வாகனத் துறை தரும் அடையாளத் தகடும் கட்டாயம். மனதார வரவேற்கிறேன்.

ஆனால் இந்தச் சட்டம் இப்போது யார் மேல் விழுகிறது? சைக்கிள் பாதையில் போலீஸ் நிறுத்தும் 13, 14 வயதுப் பிள்ளை மேல். வண்டியைப் பறிகொடுத்து அபராதம் கட்டும் பெற்றோர் மேல். விற்றவர் அந்தக் காட்சியிலேயே இல்லை.

இ-பைக் என்றால் என்ன என்பதில் குழப்பமே கிடையாது. வேலை செய்யும் பெடல் இருக்க வேண்டும், மோட்டார் 750 வாட்டைத் தாண்டக் கூடாது, த்ராட்டிலை மட்டும் திருகி ஓட்டினால் மணிக்கு 20 மைலுக்கு மேல் உதவக் கூடாது. பெடல் மிதித்தே ஓட்டும் மூன்றாம் வகை இ-பைக்குக்கு மட்டும் 28 மைல், அதை ஓட்டவும் 16 வயது ஆகியிருக்க வேண்டும். சர்-ரான், தலாரியா போன்ற நிறுவனங்களின் இ-மோட்டோ வண்டிகளோ உச்சத்தில் 5,000 வாட்டைத் தாண்டுகின்றன, 40 மைலுக்கு மேல் பறக்கின்றன. இது சைக்கிள் அல்ல, மோட்டார் பைக். சத்தம் போடாத மோட்டார் பைக் என்பதுதான் இன்னும் ஆபத்து. மலைப் பாதையில் நடப்பவருக்குப் பின்னால் வண்டி வருவதே தெரியாது.

எங்கள் வீட்டுக்கும் இப்படி ஒரு இ-மோட்டோ வாங்கலாம் என்று கடைக்குப் போனோம். "லைசென்ஸ் வேண்டாம், ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டாம், இ-பைக் மாதிரிதான்" என்றார் விற்பனையாளர். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் 'ஆஃப்-ரோடு பயன்பாட்டுக்கு மட்டும்' என்று ஒரு ஸ்டிக்கர் இருந்தது. குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும். நாங்கள் வாங்கவில்லை. ஆனால் அப்படி எல்லோரும் குனிந்து பார்ப்பார்களா? இணையத்தில் வாங்குகிறவர்களுக்கு அதுவும் இல்லை, பெட்டி நேரே வீட்டு வாசலுக்கு வந்துவிடுகிறது.

அப்புறம், இந்த வண்டிகளைச் சட்டப்படி எங்கே ஓட்டுவது என்பதையும் வாங்கும்போதே யாரும் சொல்வதில்லை. ஆஃப்-ரோடு வண்டிகளை ஓட்டுவதற்கென்றே ஒக்கோட்டியோ வெல்ஸ் போன்ற அரசுப் பகுதிகள் இருக்கின்றன. அது ஒன்றே 80,000 ஏக்கருக்கு மேல். ஆனால் சான் டியாகோவிலிருந்து மலை தாண்டிப் பாலைவனம் வரை போக வேண்டும், அதுவும் வண்டியை டிரக்கில் ஏற்றிக்கொண்டு. இதை முன்பே தெரிந்துகொண்டால் பாதிப் பெற்றோர் வாங்கவே யோசிப்பார்கள்.

விற்பவரைக் கட்டுப்படுத்துவது ஒன்றும் புதிது அல்ல. இ-பைக்கின் வேக வரம்பை உடைக்கும் கருவிகளை விற்கக் கூடாது என்று 2024-இல் ஏ.பி. 1774 என்ற சட்டம் மூலம் இதே மாநிலம் சொல்லிவிட்டது. கருவியை விற்பவருக்கு ஒரு நியாயம், முழு வண்டியை விற்பவருக்கு வேறு நியாயமா? பெடல் இல்லாத வண்டியை இ-பைக் என்று விளம்பரம் செய்தால் அபராதம் விற்றவருக்கே போகட்டும். சாலையிலும் சைக்கிள் பாதையிலும் ஓட்ட முடியாது என்பதை ரசீதிலேயே பெரிய எழுத்தில் அச்சடிக்கட்டும்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. மிதித்து ஓட்டும் சாதாரண இ-பைக்கை நம்பி வேலைக்குப் போகிறவர்களும் முழங்கால் வலியோடு சைக்கிளை விடாத பெரியவர்களும் நிறையப் பேர். கோபத்தில் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுத் தடை செய்யச் சொல்லும் குரல்கள் ஊர்க் கூட்டங்களில் கேட்கின்றன. அது இவர்களைத் தண்டிப்பதாகத்தான் முடியும்.

அடையாளத் தகட்டுக்கான விண்ணப்பம் மோட்டார் வாகனத் துறையிடம் இருக்கவே இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பிய பிறகுதான் வண்டி கைக்கு வரும் என்ற நிலையை, கடைக்கும் இணைய விற்பனைக்கும் சேர்த்து, அரசு உறுதி செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சான் டியாகோ, கலிஃபோர்னியா