கோஷன் லாயத்தில் அன்று இருந்த பெண்ணுக்கு

போன கோடையில் நியூயார்க் மாநிலத்துக் கோஷன் குதிரைப் பந்தயக் களத்துக்குச் சக்கர நாற்காலியில் ஒரு தாத்தாவை அழைத்து வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? என் பக்கத்து வீட்டுக்காரர். கொரியப் போருக்குப் போய்த் திரும்பி, அப்புறம் நாற்பது வருடம் சல்கி என்னும் இரு சக்கரப் பந்தய வண்டியில் குதிரை ஓட்டியவர். 1838 முதல் பந்தயம் நடக்கும் இடம் அது. சிறுவயதில் ஹாம்பிள்டோனியன் என்ற பெரிய சல்கிப் பந்தயத்தை அதே ஊரில், குட் டைம் பார்க் களத்தில் பார்த்தாராம். சரளையில் சக்கரம் புதைந்து வேலியோரமே நின்றுவிட்டோம்.

நீங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு, சேணம் கழற்றாத குதிரையை அவரிடமே நடத்தி வந்தீர்கள். நடுங்கும் விரலால் தடவிப் பார்த்து, ஒரு வார் தளர்ந்திருக்கிறது என்றார். நீங்கள் சிரிக்கவில்லை, அவரையே இறுக்கச் சொன்னீர்கள்.

சென்ற மாதம் போய்விட்டார், 94 வயதில். படைவீரருக்கான மரியாதையாக மடித்த தேசியக் கொடியை அவர் மகளிடம் கொடுத்தபோது எனக்கு அந்த வார்தான் ஞாபகம் வந்தது. உங்கள் பெயரைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை, பாருங்கள். ரொம்ப நன்றிங்க.