கொடுக்காமல் விட்ட ராஜினாமா கடிதத்துக்காக நன்றி

போன பிப்ரவரியில் எழுதிய ராஜினாமா கடிதம் இன்னும் என் வேதாகமத்துக்குள்தான் மடிந்து கிடக்கிறது. அதைக் கொடுக்க விடாமல் தடுத்தவர்களிடம் நேரில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால் இங்கே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் ஜெபத்துக்காக முன்னால் போனபோது, வெளியூரிலிருந்து வந்த ஊழியக்காரர் ஒருவர் தலையில் கைவைத்து, நாற்பது நாளைக்குள் வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்கு வா, தாமதித்தால் கதவு அடைபடும் என்றார். அந்தச் சமயம் லேப்பில் மேலதிகாரியோடு எனக்குத் தினமும் சண்டை. வேலையை விட ஒரு சாக்கு தேடிக்கொண்டிருந்தேன், அது பரலோகத்திலிருந்தே வந்துவிட்டது!

பெரியப்பா, நீங்கள் வேலையை விடாதே என்று சொல்லவே இல்லை. "ஏட்டி, அந்த ஐயாவுக்கு ஒன் வீட்டு லோன் எவ்வளவுன்னு தெரியுமா?" என்று மட்டும் கேட்டுவிட்டு 1 இராஜாக்கள் 13-ஐ வாசிக்கச் சொன்னீர்கள். அங்கே எதுவும் சாப்பிடாதே என்று கர்த்தர் சொல்லி அனுப்ப, யூதாவிலிருந்து பெத்தேலுக்கு வந்த தேவனுடைய மனுஷனை ஒரு கிழவனான தீர்க்கதரிசி பொய் சொல்லி விருந்துக்குக் கூட்டிப்போக, திரும்பும் வழியில் சிங்கம் அவனைக் கொன்றுபோடும் கதை. சண்டே ஸ்கூலில் கேட்டதில் எனக்குச் சிங்கம் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. நானும் உன்னைப்போலத் தீர்க்கதரிசிதான் என்று இன்னொருவன் சொன்னதற்காக, கர்த்தர் தனக்குச் சொன்னதையே அவன் விட்டுக்கொடுத்தான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. கூட்டத்தில் பேசியவர் பொய் சொன்னார் என்று சொல்ல வரவில்லை, மனதார நம்பியே சொல்லியிருக்கலாம். சோதித்துப் பார்ப்பது என் வேலை, நான்தான் செய்யவில்லை.

உபதேசியார் ஐயா, நீங்கள் ஊழியத்தில் இருப்பவர், வா வா என்பீர்கள் என்று நினைத்துத்தான் உங்களிடம் வந்தேன். பிடித்த பதில் எங்கே கிடைக்கும் என்று பார்த்துப் பார்த்து ஆலோசனை கேட்பதில், முதியவர்கள் சொன்னதைத் தள்ளிவிட்டு வாலிபர்களிடம் போய்க் கேட்ட ராஜா ரெகொபெயாம்கூட என்னிடம் தோற்றுப்போவான். நீங்களோ, "வீட்டுக்காரர் என்னம்மா சொல்றார்?" என்றீர்கள். நான் அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவே இல்லை!

லேப்பில் பக்கத்து மேசை அக்கா ஆர்.சி. சபைக்காரர். அவர்தான் இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் எழுதி வைத்த விதியைச் சொன்னார்: மனம் சோர்ந்து இருண்டு கிடக்கும்போது, தெளிவாக இருந்த காலத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. நாங்கள் சி.எஸ்.ஐ., புனிதர்கள் பேச்சு வீட்டில் அவ்வளவாகக் கிடையாது. ஆனாலும் அந்த வாரம் எனக்கு அதுதான் சோறு.

அப்புறம் அத்தை. சபையார் எல்லோரும் சேர்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். கண்ணீர் எதனால் என்று யாருக்கும் தெரியாத வசதியான இடம். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கர்த்தர் கூப்பிட்டா நாப்பத்தோராவது நாளும் கூப்பிடுவாருல்லா" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தீர்கள்.

நாற்பத்தோராவது நாள் சாதாரண வியாழக்கிழமை. வேலைக்குப் போனேன். மேலதிகாரியோடு அன்றைக்கும் சண்டைதான். இப்போது சனிக்கிழமைதோறும் ஆஸ்பத்திரி வார்டுகளில் ஜெபிக்கப் போகிறேன், வீட்டுக்காரரும் கூட வருகிறார். முழுநேரமா என்பதை இரண்டு பேரும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அத்தை, இந்த வருஷ அசனத்துக்கும் வெங்காயம் என் பொறுப்பு. கத்தியை மட்டும் முன்னாலேயே தீட்டி வையுங்கள்.