லைன் கிளியர் வாங்காத வெள்ளிக்கிழமை

மியூனிக்,
9-11-2025, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள், அம்மா, ஆயா, தம்பி அனைவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் வேலை நிலைக்குமா என்று போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்ட கேள்விக்கு, "ஒன்றும் ஆகாது அப்பா" என்று அவசரமாகச் சொல்லி வைத்துவிட்டேன். அது பதிலே அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. பாலக்கோடு பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையில் செய்தித்தாளை விரித்து வைத்துக்கொண்டு, "கம்ப்யூட்டர் வேலைக்காரர்களை ஆயிரக்கணக்கில் வீட்டுக்கு அனுப்புகிறார்களாமே, உங்கள் பெண் கதி என்ன?" என்று கேட்பவர்களுக்கு நீங்கள் ஏதாவது சொல்லியாக வேண்டும். தம்பியும் இதே வேலைக்குள் காலெடுத்து வைக்கப் போகிறான். ஆகவே இன்று நிதானமாக உட்கார்ந்து எழுதுகிறேன். கணினிப் பேச்சு வரும் இடத்தில் உங்கள் லைன்மேன் வேலையின் சொற்களையே எடுத்துக்கொள்கிறேன். நான் என் வேலையைப் புரிந்துகொண்டதே அவற்றை வைத்துத்தான்.

முதலில் ஆட்குறைப்பு. நம்மூர்த் தக்காளி மண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பருவத்தில் தக்காளிக்கு நல்ல விலை கிடைத்துவிட்டால், அடுத்த பருவத்தில் மாரண்டஅள்ளியிலிருந்து இராயக்கோட்டை வரை எல்லோரும் தக்காளியே நடுகிறார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் மண்டிக்கு வரும்போது பறிகூலிக்குக்கூடக் கட்டாமல் சாலையோரம் கொட்டிவிட்டுப் போகிறார்கள். கொரோனாக் காலத்தில் உலகமே வீட்டுக்குள் இருந்து கைப்பேசியைப் பார்த்தபோது, பெரிய கணினி நிறுவனங்கள் அந்த விலை என்றும் நிற்கும் என்று நம்பி ஆள் எடுத்தன. பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் 2019 இறுதியில் சுமார் 45,000 பேர் இருந்தார்கள்; 2022 செப்டம்பரில் 87,000 பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரிலேயே 11,000 பேரை அனுப்பினார்கள். 2023 ஜனவரியில் கூகுள் பக்கம் 12,000 பேர். ஆனால் தக்காளியில் நட்டவர்தான் நட்டத்தையும் சுமக்கிறார். இங்கே அளவு தெரியாமல் ஆள் எடுத்தவர்கள் பெரும்பாலும் தங்கள் நாற்காலியிலேயே இருந்தார்கள், எடுக்கப்பட்டவர்கள்தான் சாலையில் கொட்டப்பட்டார்கள். என் மனத்தை அறுப்பது இதுதான், அப்பா. சந்தை இறங்குவது இயற்கை என்று இதைச் சொல்லிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

அமெரிக்காவில் அப்போது பலர் தங்கள் வேலை போனதை அதிகாலையில் வந்த மின்னஞ்சலைப் பார்த்தும், அலுவலகக் கணக்கு திறக்காமல் போனதைப் பார்த்தும்தான் தெரிந்துகொண்டார்கள். அந்தச் செய்தி வந்த அன்று எங்கள் அலுவலகக் காபி அறையில் ஒரே பேச்சு அதுதான். அப்போது எங்கள் குழுவில் இருந்த ஒருவர் பேசாமல் எழுந்து போய், வராந்தாவில் இருந்த பிரிண்டரின் தட்டைத் திறந்து, உள்ளே இருந்த தாள்களை எல்லாம் எடுத்துக் கையில் அடுக்கிக்கொண்டு வந்து, "இனி இங்கே எல்லோர் வேலையும் பத்திரம்" என்றார். அறையே சிரித்தது. நான் அப்போது இங்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்ததால் எனக்குப் புரியவில்லை, அவரே விளக்கினார். ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 623-ஆம் பிரிவின்படி, ஒருவரை வேலையிலிருந்து நீக்குவதானால் அதைத் தாளில் எழுதி, மையால் கையெழுத்திட்டுத் தர வேண்டும். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ அனுப்பினால் செல்லாது. ஊழியர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த மன்றம் இருக்கும் நிறுவனமாக இருந்தால், அந்த மன்றத்தின் கருத்தைக் கேட்காமல் செய்த நீக்கமும் செல்லாது.

இதனால் இங்கே யாருக்கும் வேலை போவதில்லை என்று எண்ணிவிடாதீர்கள், போகிறது. முதல் ஆறு மாதம் தகுதிகாண் காலமாக வைத்திருந்தால் இரண்டு வார அவகாசத்திலேயே அனுப்பிவிடலாம். ஆனால் யாரோ ஒரு மனிதர் பேனாவை எடுத்து உங்கள் பெயருக்குக் கீழே தம் பெயரை எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நிமிடம் அவர் கை நிற்கும் அல்லவா? அதற்காகவே இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன்.

அடுத்து, வெள்ளிக்கிழமை. எங்கள் வேலையில் உலகம் முழுக்கச் சொல்லும் நகைச்சுவை ஒன்று உண்டு: வெள்ளிக்கிழமை எதையும் மாற்றாதே, சனிக்கிழமை உன்னுடையதாக இருக்காது. 2024 ஜூலை 19 ஒரு வெள்ளிக்கிழமை. கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் நிறுவனம் அன்று ஒரு சிறிய புதுப்பிப்பை உலகெங்கும் ஒரே நேரத்தில் அனுப்பியது. அதிலிருந்த பிழையால் விண்டோஸ் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. தவறு என்று தெரிந்து, அனுப்பிய 78 நிமிடங்களில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் அதற்குள் சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாப்ட் கணக்குச் சொன்னது. பெர்லின் விமான நிலையத்தில் காலை பத்து மணி வரை விமானங்கள் நின்றன. லூபெக், கீல் நகரங்களின் பல்கலைக்கழக மருத்துவமனையில், அவசரமல்லாத அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தார்கள். எங்கள் அலுவலகத்தில் அந்த மென்பொருள் இல்லாததால் நாங்கள் தப்பினோம். ஆனாலும் அன்று யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

நீங்கள் கம்பத்தில் ஏறும் முன் என்ன செய்வீர்கள் என்று சிறு வயதில் எனக்குச் சொல்லியிருக்கிறீர்கள். துணை மின்நிலையத்தில் எல்.சி., அதாவது மின்சாரத்தை நிறுத்தியாயிற்று என்ற லைன் கிளியர் அனுமதி வாங்கி, லைனைத் துண்டிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடு போட்ட பிறகுதான் கம்பியில் கை வைக்க வேண்டும். வேலை முடிந்ததும் யார் எல்.சி. வாங்கினாரோ அவரே திருப்பிக் கொடுத்தால்தான் மின்சாரம் விட வேண்டும். ஊரே ஒரு ஃபீடர் லைனில் இருந்தாலும் ஒவ்வொரு பகுதியாகத்தான் விடுவார்கள் என்றும் சொன்னீர்கள். அன்று அந்த நிறுவனம் முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருந்தால் மற்றவர்கள் தப்பியிருப்பார்கள். மின்கம்பியில் கை வைப்பதற்கு நீங்கள் பழகிய ஒழுக்கம், இவ்வளவு படித்த எங்கள் துறையில் இன்னும் பழக்கமாகவில்லை. விழுந்த கணினிகளை எழுப்பிய விதமும் உங்கள் வேலை போலத்தான். பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாகப் பாதுகாப்பு முறையில் திறந்து, கெட்ட கோப்பை அழித்து, மறுபடி ஓடவிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு கம்பமாக ஏறி இறங்கியது யார் என்று எந்தச் செய்தித்தாளும் பெயர் போடவில்லை.

பெயர் தெரிந்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதே 2024 மார்ச் மாதம், ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர், தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று கவனித்தார். அதை விடாமல் துருவியபோது, உலகின் எண்ணற்ற சர்வர்களுக்குப் போய்ச் சேரவிருந்த எக்ஸ்இசட் என்ற சிறு நிரலின் புதிய பதிப்புக்குள் ஒருவர் கள்ளக்கதவு வைத்திருப்பது வெளியே வந்தது. கதவு வைத்தவர் ஈராண்டுக்கு மேல் உதவி செய்பவர் போல நடித்து, சம்பளமில்லாமல் தனியாக அதைப் பராமரித்து வந்தவரின் நம்பிக்கையைப் பெற்றிருந்தார். இதைப் படித்தபோது எனக்கு நம் தெருமுனை டிரான்ஸ்பார்மர்தான் நினைவுக்கு வந்தது. ஒருநாள் மாலை என்னைச் சைக்கிளில் வைத்துக்கொண்டு போகும்போது நிறுத்தி, ஒரு காலைத் தரையில் ஊன்றி, தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "இதன் இரைச்சல் மாறியிருக்கிறது" என்றீர்கள். எனக்கு அது எப்போதும் போலத்தான் கேட்டது. மறுநாள் ஆட்கள் வந்து அதை இறக்கினார்கள்.

இனி இரவு வேலை. எங்கள் குழுவில் ஐந்து வாரத்துக்கு ஒரு முறை என் பங்கு வரும்; அந்த வாரம் முழுக்கக் கைப்பேசியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும். போன மாதம் ஒருநாள் இரவு 2.40-க்கு அது அலறியது. கிடங்குகளில் பெட்டிகளைப் பிரித்தனுப்பும் எங்கள் மென்பொருள், தன் பதிவேடுகளை எழுதி எழுதி வட்டில் இடமில்லாமல் நின்றுபோயிருந்தது. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து, குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு உட்கார்ந்து, பழைய பதிவுகளை அகற்றி ஓட வைத்தபோது மணி 3.10. காலை ஒன்பதரைக்கு வழக்கம்போல் அலுவலகம் போனேன். எங்கள் குழுத் தலைவர் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, "நீங்கள் இப்போது இங்கே இருக்கக் கூடாது" என்றார். ஏதோ தவறு செய்துவிட்டேன் என்று பதறிப்போனேன். ஒரு வேலை முடிந்து மறுவேலை தொடங்க இடையில் 11 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது இந்நாட்டு வேலை நேரச் சட்டம், 3.10-க்கு முடித்தவள் பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான் வரலாம். என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

ரயிலில் திரும்பி வரும்போது அழுதுவிட்டேன், அப்பா. ஐப்பசி மழையில் இரவு இரண்டு மணிக்குக் கதவைத் தட்டுவார்கள். ஃபியூஸ் கேரியர் பையையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு போவீர்கள். விடியும்போது நனைந்த காக்கிச் சட்டையோடு வந்து, அம்மா கிண்டிய களியில் இரண்டு வாய் தின்றுவிட்டு, எட்டு மணிக்கு மறுபடி டூட்டிக்குக் கிளம்புவீர்கள். தூக்கமில்லாத கையோடு கம்பம் ஏறுவது எவ்வளவு ஆபத்து என்று அப்போது யாரும் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

நம் நாட்டில் இப்போது இதற்கு நேர்மாறான பேச்சுதான் பெரிய இடங்களிலிருந்து வருகிறது. 2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் 90 மணி நேரம் என்றார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் மனைவி முகத்தை எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். இங்கே உடன் வேலை செய்பவர்கள் அதைப் படித்துவிட்டு, "உங்கள் ஊரில் வாரத்துக்கு எத்தனை நாள்?" என்று என்னைக் கேட்டுச் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வார்த்தையை ஆணையாக எடுத்துக்கொள்ளும் சிறு மேலாளர்கள் ஓசூரிலும் பெங்களூரிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்றுதான் நினைத்தேன்.

செயற்கை நுண்ணறிவு எங்களை விழுங்கிவிடுமா என்றும் கேட்டிருந்தீர்கள். நான் தினமும் அதைக்கொண்டு வேலை செய்கிறேன். முன்பு அரை நாள் எடுத்த சில வேலைகள் இப்போது அரை மணியில் முடிகின்றன; அதை மறுக்க மாட்டேன். ஆனால் தெரியாததையும் தெரிந்தது போலவே சொல்கிறது. ஓய்வுக்கு இரண்டாண்டே இருக்கும் எங்கள் மூத்தவர், "நன்றாக எழுதுகிறது, ஆனால் இரவில் இதை எழுப்ப முடியாதே" என்பார். ஏர் கனடா விமான நிறுவனத்தின் இணையதளத்தில் பதில் சொல்லும் இயந்திரம், பாட்டியை இழந்த ஒருவருக்குத் துக்கக் கட்டணச் சலுகை பற்றித் தவறான தகவல் தந்தது. அவர் வழக்குப் போட்டபோது, அந்த இயந்திரம் தனி ஆள், அதன் சொல்லுக்கு அதுவே பொறுப்பு என்பது போல நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், பணத்தைக் கொடுக்கச் சொன்னது. அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிய ஆறுதல்.

என் உண்மையான கவலை தம்பி வயதினரைப் பற்றியது. நீங்கள் ஹெல்பராகச் சேர்ந்து, கீழே நின்று கயிறு பிடித்து, சாமான் எடுத்துக் கொடுத்துத்தானே லைன்மேன் ஆனீர்கள்? எங்கள் துறையில் அந்தக் கயிறு பிடிக்கும் வேலையை இயந்திரத்திடம் கொடுத்துவிட்டுப் புதியவர்களை எடுப்பதைக் குறைக்கிறார்கள். இருபதாண்டு கழித்துக் கம்பம் ஏறத் தெரிந்தவர் எங்கிருந்து வருவார் என்று கூட்டங்களில் நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன். இந்த ஆண்டு எங்கள் குழுவுக்கு ஒரு பயிற்சியாளரையாவது எடுக்க வேண்டும் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறேன்.

தம்பிக்கு வந்திருக்கும் பணி நியமனக் கடிதத்தில் கையெழுத்திடும் முன், எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். விலகுவதற்கு எத்தனை மாத அவகாசம், இரவில் அழைத்தால் மறுநாள் என்ன கணக்கு, பாலக்கோட்டிலிருந்து ஓசூர் போய் வரும் நேரத்துக்கு நிறுவனப் பேருந்து உண்டா என்பதை அவர்களிடம் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். வாயால் சொன்னதை வைத்துக்கொண்டு சேர வேண்டாம். அடுத்த ஞாயிறு காலை, உங்களுக்கு மதியம், நான் அழைக்கிறேன். நீங்களும் அவன் பக்கத்தில் இருங்கள்.

அம்மாவுக்கும் ஆயாவுக்கும் என் அன்பு.

உங்கள் அன்பு மகள்.

பி.கு.: பொங்கலுக்கு வருகிறேன். இரண்டு வார விடுப்பும் எழுத்தில் கிடைத்துவிட்டது.