கையெழுத்துப் போடும் முன் ஒன்று கேள்

பாப்பா,

இன்று ஞாயிற்றுக்கிழமை. ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் எலும்பு மாத்திரையைப் போட்டு, தம்ளர் நிறையத் தண்ணீர் குடித்தேன். இனி அரை மணி நேரம் காபி கூடாது, படுக்கவும் கூடாது. மாத்திரை உணவுக்குழாயில் தங்கினால் புண்ணாக்கிவிடும். அந்த நேரத்தில்தான் உனக்கு எழுதுகிறேன்.

கட்டிக்காகக் கர்ப்பப்பையை எடுக்கச் சொல்கிறார்கள் என்று போனில் சொன்னாய். அதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. எடுக்காதே என்று நான் சொல்லவில்லை. மாதாமாதம் நீ படும் பாடு எனக்குத் தெரியும். ஒன்றை மட்டும் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடு: சினைப்பைகளையும் எடுக்கப் போகிறார்களா, எடுத்தால் எதற்காக?

எனக்கு 42 வயதில் ஆபரேஷன். எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிட்டோம், இனித் தொல்லை இல்லை என்றார்கள். நானும் நிம்மதியாகத்தான் வீட்டுக்கு வந்தேன். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன்தான் எலும்பைக் காக்கிறது என்று ஒருவரும் சொல்லவில்லை. எலும்பில் பழசு கரைவதும் புதுசு கட்டுவதும் எப்போதும் நடக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் கரைவது முந்திக்கொள்கிறது. மாதவிலக்கு தானாக நிற்கிறவர்களுக்கு ஐம்பதை ஒட்டி மெல்ல வருவது எனக்கு ஒரே நாளில் வந்துவிட்டது.

அத்தனை வருடமும் ஒரு வலி கிடையாது. போன கார்த்திகையில் கிணற்றடியில் வழுக்கிக் கையை ஊன்றினேன், மணிக்கட்டு முறிந்தது. அப்புறம்தான் எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன். அதில் வரும் எண் மைனஸ் 2.5க்கு இறங்கினாலே எலும்புப்புரை, அதாவது எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய்; எனக்கு இடுப்பில் மைனஸ் 3.1. ஆச்சிக்குக் கூன் விழுந்தபோது வயசு என்று விட்டுவிட்டோமே. அடுப்படி மேல்தட்டில் ஊறுகாய் ஜாடியை எட்டி எடுத்தவள், கடைசியில் உன்னைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வாள், நினைவிருக்கிறதா? முதுகெலும்பு உள்ளுக்குள்ளேயே நொறுங்கியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

புற்றுநோய் பயம் மாதிரி காரணம் சொன்னால் சரி, எடுக்கத்தான் வேண்டும். இல்லையென்றால் விட்டுவைக்க முடியுமா என்று கேள். எடுத்தே ஆக வேண்டுமென்றால், உனக்கு ஹார்மோன் மாத்திரை ஒத்துக்கொள்ளுமா, எலும்பு ஸ்கேன் எப்போது எடுப்பது என்று ஆபரேஷனுக்கு முன்பே பேசிவிடு. அம்மாவுக்கு எலும்புப்புரை, ஆச்சிக்குக் கூன் விழுந்தது என்று சொல்ல மறக்காதே.

கேழ்வரகு மாவு அனுப்பியிருக்கிறேன். 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. ஆனால் கூழ் மட்டும் போதாது, நட, மாடிப்படி ஏறு. பாரம் தாங்கினால்தான் எலும்பு கெட்டிப்படும். நீ தைராய்டு மாத்திரை போடுகிறவள். கால்சியம் மாத்திரை எழுதிக்கொடுத்தால் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரமாவது விடு.

ஆறரை தாண்டிவிட்டது. அப்பா காபி ஆற்றிக்கொண்டிருக்கிறார். டாக்டரைப் பார்க்கும் தேதியைச் சொல், முந்தின நாளே பஸ் ஏறி வந்துவிடுகிறேன். உனக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால் நான் கேட்கிறேன்.

அம்மா