கடிகாரம் பண்றதுக்கு முன்னாடி லேபிளைப் படிங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல பழைய இசைத்தட்டுல சுவர்க் கடிகாரம் செய்றது எப்படி, பழைய கேசட்டுல விளக்கு செய்றது எப்படின்னு அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க. படமெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, நடுவுல ஏற்கனவே ஓட்டை இருக்கறதால வேலை சுளுவுன்னு வேற எழுதியிருந்தாங்க. ஆனா லேபிள் தெரியாம இருக்க கோல்டு பெயிண்ட் அடிங்கன்னு சொன்னாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வயிறு எரிஞ்சுது.

அந்த வட்டக் காகிதத்துலதாங்க எல்லாமே இருக்கு. படம் பேரு, பாட்டோட மொத வரி, பாடினவங்க, எழுதினவரு, மியூசிக், கம்பெனி நம்பர். எங்க மாமா திருப்பாப்புலியூர்ல மைக் செட் வச்சிருந்தாரு, கல்யாண வீடு, காதுகுத்து, மாரியம்மன் கோயில் திருவிழா எதுவா இருந்தாலும் மொத பாட்டு சீர்காழியோட பிள்ளையார் பாட்டு, அப்புறம்தான் மத்தது. மனுஷன் படிச்சது எட்டாவதுதான், ஆனா எந்தப் பாட்டைக் கேட்டாலும் எழுதினது யாருன்னு டக்குனு சொல்வாரு, ஏன்னா ஊசியை வைக்கிறப்ப கண்ணு லேபிள் மேலதான இருக்கும், தினமும் பாத்துப் பாத்து தானா மண்டையில ஏறிடுச்சு. இப்ப ஆப்ல அதே பாட்டைப் போட்டா பாடகர் பேரும் மியூசிக் டைரக்டர் பேரும் வருது, பாட்டு எழுதினவரைக் காணோம், இல்லன்னா மூணு சொடுக்கு தள்ளி எங்கயோ ஒளிஞ்சிருக்காரு. மணப்பாறை மாடு கட்டி பாட்டு மருதகாசி எழுதினது, 1957-ல வந்த படம். இன்னைக்கு வாட்ஸ்அப்புல அதைப் பட்டுக்கோட்டைங்கறாங்க, கண்ணதாசன்ங்கறாங்க, இன்னும் கொஞ்ச நாள்ல நாட்டுப்புறப் பாட்டுன்னே முடிச்சுடுவாங்க.

கேசட்லயும் அதே கதைதான். ரஹ்மான் வந்தப்புறம் உறைக்குள்ள மடிச்சு வச்ச பேப்பர்ல புல்லாங்குழல் யாரு, சவுண்ட் இன்ஜினியர் யாருங்கறது வரைக்கும் போட்டாங்க. நவீன், எச். ஸ்ரீதர்ங்கற பேரையெல்லாம் எங்க தெருப் பசங்க அந்தப் பொடி எழுத்தைக் கண்ணுகிட்ட வச்சுப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க. பாட்டு ஃபைலா மாறினப்ப பாட்டு மட்டும் வந்துச்சு, அந்தப் பேப்பர் வரல. வச்சிருந்தா எவ்வளவு இடம் புடிச்சிருக்கும், ஒரு போட்டோ அளவுதான!

சத்தம் நல்லாருக்கா இல்லையாங்கற சண்டைக்கு நான் வரல. கேசட் இரைச்சல் போடும், நாடா சிக்கும், நம்ம கடலோர ஈரத்துக்குப் பூஞ்சை புடிக்கும். தானே புயல்லயும் 2015 வெள்ளத்துலயும் கடலூர்ல நனைஞ்சு குப்பைக்குப் போன பெட்டிங்க எத்தனையோ. ரெக்கார்டிங் சென்டர்ல லிஸ்ட் எழுதிக் குடுத்து டிடிகே 90 காலி கேசட்ல பதிஞ்சு வாங்கினோமே, அதுல கம்பெனிக்கோ பாடினவங்களுக்கோ ஒரு பைசா போகலங்கறதையும் ஒத்துக்கணும். போன்ல ஒரு நிமிஷத்துல எந்தப் பாட்டும் கிடைக்குது, நானும் தினம் கேக்கறேன்.

கிடைக்குதுன்னா, அவங்க வச்சிருக்கற வரைக்கும் கிடைக்குது. 2019-ல ஸ்பாட்டிஃபைங்கற பாட்டு ஆப் இந்தியாவுக்கு வந்த கொஞ்ச நாள்லயே சரிகமவோட தகராறு வந்து டெல்லி ஹைகோர்ட் வரைக்கும் போச்சு, சரிகம பாட்டையெல்லாம் எடுத்துட்டாங்க. சரிகமன்னா நம்ம பழைய எச்எம்வி தான், அப்ப எம்ஜிஆர் சிவாஜி பாட்டுல எவ்வளவு போயிருக்கும்னு நீங்களே யோசிங்க. திரும்ப ஒப்பந்தம் ஆக 2020 ஆயிடுச்சு. 2024-ல ஏர்டெல்லோட விங்க்ங்கற பாட்டு ஆப்பையே மூடிட்டாங்க. காசு கட்டினாலும் நம்ம கையில இருக்கறது கேக்கற அனுமதி மட்டும்தான், பக்கத்து வீட்டுக்கு இரவல் குடுக்க முடியாது, பசங்களுக்கு விட்டுட்டுப் போகவும் முடியாது. மாமா போனப்ப அவரோட ரெக்கார்டுக்கு மூணு பசங்களும் அடிச்சுக்கிட்டாங்க, யாரு வீட்டுலயும் ப்ளேயர் கிடையாது, அது வேற விஷயம்.

இன்னொண்ணு யாருமே பேசறதில்ல. சினிமாப் பாட்டாவது எப்படியோ நெட்டுல ஏறிடுச்சு. நம்ம தென்னாற்காட்டுப் பக்கம் திருவிழாக் கடையில வித்த தெருக்கூத்து கேசட், ஊர் அம்மன் பேர்ல அந்த ஊர்க்காரங்களே பாடின பாட்டு, கட்சிப் பாட்டு, சின்னச் சின்ன சபைக்காரங்க பதிஞ்ச கிறிஸ்தவப் பாட்டு, இதையெல்லாம் யாரு ஏத்துவாங்க? போட்ட கம்பெனியே இல்ல, உரிமை யாருகிட்டன்னும் தெரியாது. ஆப்ல தேடினா வராது, வரலன்னா இப்ப இருக்கற பிள்ளைங்களுக்கு அப்படி ஒண்ணு இருந்துச்சுன்னே தெரியாது. அந்தக் கேசட் ஒரு வீட்டுப் பரண்ல கிடக்கற ஒரே காப்பியா கூட இருக்கலாம், அதுல போய் விளக்கு செய்யச் சொல்றீங்களே!

அதனால ஆசிரியர்கிட்ட கேட்டுக்கறது, அடுத்த தடவை இப்படிக் கைவேலை கட்டுரை போட்டா கீழ ரெண்டு வரி சேத்துடுங்க, வெட்டறதுக்கு முன்னாடி லேபிளையும் உறையையும் போன்ல படம் எடுத்து வைங்க, சினிமா இல்லாத கேசட்டா இருந்தா வெட்டவே வெட்டாதீங்கன்னு. சென்னையில ரோஜா முத்தையா நூலகத்துல பழைய இசைத்தட்டு, பாட்டுப் புத்தகமெல்லாம் சேத்துப் பாதுகாக்கறாங்க, அந்த மாதிரி ஒரு அலமாரி நம்ம கடலூர் மாவட்ட நூலகத்துலயும் புதுச்சேரி ரோமன் ரோலண்ட் நூலகத்துலயும் வச்சா என்ன? புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல பழைய சாமான் பரப்பி வைக்கறவங்களும், கேசட்டை ப்ளாஸ்டிக் வெலைக்குத் தள்ளாம உறையோட தனியா எடுத்து வச்சா நல்லது, எங்கள மாதிரி ஆளுங்க தேடி வந்து வாங்கிக்கறோம். கூத்து கேசட் வச்சிருந்து போட்டுக் கேக்க வழியில்லன்னு யாராவது உங்களுக்கு எழுதினா என்கிட்ட அனுப்புங்க, வீட்டுல டேப் ரெக்கார்டர் ஓடுற நெலமையிலதான் இருக்கு, பெல்ட்டு இப்பதான் மாத்தினேன்.

இப்படிக்கு,
கடலூர் முதுநகர் வாசகர் ஒருத்தர்