ஜிமெயிலில் குப்பை மெயில்: டெலீட் மட்டும் போதாது

உறுப்பினர்களுக்கு வணக்கம். வேண்டாத மெயிலை வெறுமனே அழித்தால் அதே ஆள் நாளையும் வருவார். திறக்காமலே தேர்ந்தெடுத்து, மேலே ஆச்சரியக்குறி போட்ட ஸ்பேம் பொத்தானை அழுத்துங்கள். நீங்களே பதிவுசெய்த கடையின் விளம்பரம் என்றால் அன்சப்ஸ்கிரைப் (இனி அனுப்ப வேண்டாம் என்று விலகுவது) போதும். முன்பின் தெரியாதவர் மெயிலுக்குள் வைத்திருக்கும் அன்சப்ஸ்கிரைப் இணைப்பைத் தொடவே வேண்டாம். இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக்கொடுப்பதாகிவிடும்.

படங்களும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளிப் படம் லோட் ஆனாலே, நீங்கள் மெயிலைத் திறந்துவிட்டீர்கள் என்ற சேதி அனுப்பியவருக்குப் போய்விடும். கணினியில் செட்டிங்ஸ், ஜெனரல், இமேஜஸ் போய், காட்டும் முன் கேட்கச் சொல்லுங்கள். பக்கத்தின் அடியில் சேவ் கொடுக்காவிட்டால் மாற்றம் நிற்காது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ஸ்பேம் பெட்டியில் 30 நாள் கடந்தவை தானாக அழிந்துவிடும். வாரம் ஒருமுறை எட்டிப் பாருங்கள். நேர்முகத் தேர்வு அழைப்பு அங்கே சிக்கியிருந்தால், 'நாட் ஸ்பேம்' கொடுத்தால் இன்பாக்ஸுக்கு வந்துவிடும்.